அவர்தான் அனுப்பினார்

ஜூன் 10, செவ்வாய்

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்! இன்று கெட்டது நான். ஆனாலும் கை கால் எல்லாம் துறுதுறுவென்று இருக்கிறது, ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. யாரிடமும் சொல்லவும் முடியாது. அதனால் மகள் தர்ஷினியின் போன வருஷத்துக் கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். அவள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் முடிக்க வேண்டும்.

விஷயம் இதுதான். பைபாஸ் ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கிற ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலை இன்டர்வியூவுக்குப் போய்விட்டு வந்தேன். பன்னிரண்டு வருஷம் கழித்து! கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் அந்த மருந்து வாடை முகத்தில் அடித்தது பாருங்கள், பூக்கடை வாசலில்கூட நான் அப்படி மூச்சை இழுத்ததில்லை. யாரோ ஒரு சிஸ்டர் டிரேயைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். என் காலும் அவள் பின்னாடியே ஓடப் பார்த்தது.

உள்ளே மூன்று பேர். மேட்ரன் ரோஸ்லின் மேடம், ஒரு டாக்டர், டை கட்டிய ஒரு பையன். டாக்டர் கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று சொன்னேன். ரத்தம் ஏற்றும்போது நோயாளிக்கு நடுக்கம் வந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்றார். முதலில் ஏற்றுவதை நிறுத்துவேன், அப்புறம்தான் மற்றதெல்லாம் என்றேன். தலையை ஆட்டினார். அந்த டை பையன்தான் "உங்க வீக்னஸ் என்ன மேடம்?" என்றான். "எனக்கு வீக்னஸ் ஒண்ணும் கிடையாது சார், ஹீமோகுளோபின் பன்னெண்டு இருக்கு" என்றேன். டாக்டர் இருமுகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார். சரி, அது போகட்டும். சிரிப்பு வந்தால் நல்லதுதான்.

அதற்கப்புறம்தான் வினை. மேட்ரன் மேடம் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இத்தனை வருஷம் வீட்ல இருந்திருக்கீங்க. இங்க நைட் டூட்டி உண்டு. வீட்ல விடுவாங்களா?"

"விடுவாங்களாவா! எங்க வீட்டுக்காரர்தான் மேடம் என்னை அனுப்புனதே. பேப்பர்ல விளம்பரத்தப் பாத்துட்டு வந்து சொன்னதே அவர்தான். நைட் டூட்டின்னா டிபன் கட்டிக் கொடுத்து, வண்டியில கொண்டாந்து விட்டுட்டு, காலையில வந்து கூட்டிட்டுப் போவேன்னுட்டாரு. பிள்ளைக்குத் தலை பின்னுறதுகூட அவர்தான்."

சொல்லச் சொல்ல அந்த மனுசன் மேல் எனக்கே பிரியம் பொங்கிவிட்டது. ஒரே ஒரு சிக்கல்தான். நான் இன்டர்வியூவுக்குப் போனதே அவருக்குத் தெரியாது. எட்டயபுரத்தில் அம்மாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தேன். அவருக்குத் தலை பின்னத் தெரியாது. டிபன் டப்பாவின் மூடி எது, அடி எது என்றே தெரியாது.

மேட்ரன் மேடம் முகமெல்லாம் சிரிப்பு. "ரொம்ப சந்தோஷம்மா. அப்ப அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அவரையும் கூட்டிட்டு வாங்க. நைட் டூட்டிக்கு எடுக்குற ஸ்டாஃப்னா, வீட்ல ஒருத்தரைப் பாத்துப் பேசிட்டுத்தான் எடுப்போம். வேலையில சேந்த மறுமாசமே 'வீட்ல விடல'ன்னு நின்னுர்றாங்க, அதான்."

வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்று ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்துத் தீர்த்தேன்.

ஜூன் 11, புதன்

காலையிலிருந்து மூன்று தடவை சாம்பாருக்கு உப்புப் போட்டேன். அவர் சாப்பிட்டுவிட்டு "ம்" என்றார்.

என் வீட்டுக்காரர் இசக்கிமுத்து பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறார். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று கோவில்பட்டியில் பாதிப் பேருடைய முகத்தை அவர்தான் அச்சடிக்கிறார். ஊரிலுள்ள அடைமொழிகள் எல்லாம் அவர் கம்ப்யூட்டரில் கிடக்கின்றன. வாயில் மட்டும் 'ம்' தவிர ஒன்றும் கிடையாது. அந்த 'ம்'முக்கு ஒரு அகராதியே போடலாம். பசிக்கிறது என்றால் ஒரு ம், பிடிக்கவில்லை என்றால் ஒரு ம். இரண்டும் எனக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும்.

மத்தியானம் புஷ்பத்துக்குப் போன் போட்டேன். என்னோடு நர்சிங் படித்தவள், இப்போது அந்த ஆஸ்பத்திரியில்தான் ஐசியூவில் இருக்கிறாள். வேலை காலி இருக்கிறது என்று சொன்னவளும் அவள்தான்.

"ஏட்டி கனி, எதுக்குட்டி இப்பிடி அளந்து விட்ட? 'வீட்ல சம்மதம்'னு ஒரு வார்த்தைல முடிச்சிருக்கலாம்ல?"

"வாய் நிக்கலட்டி. அந்த வாடை பட்டதும் ஒரு குஷி வந்துருச்சு."

"மேட்ரன் ஆளக் கூட்டிட்டு வான்னா வரணும். வரலன்னா பேர அடிச்சிருவாவ. போன தடவ நாலு பேருக்கு அப்பிடித்தான் போச்சு. நீ முதல்ல அண்ணன்கிட்ட சொல்லு."

சொல்லலாம்தான். அவர் விடமாட்டார் என்றால் இவள் நம்பமாட்டேன் என்கிறாள். "விடமாட்டேன்னு சொன்னாவளா?" என்று கேட்கிறாள். சில விஷயங்களைச் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்ன?

ஜூன் 12, வியாழன்

சொல்லவில்லை. தண்ணீர் லாரி வந்துவிட்டது.

ஜூன் 14, சனி

இன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு காரியம் செய்தேன். மெடிக்கல் கடையில் ஊசிகளும் ஒரு சலைன் டியூபும் வாங்கி வந்தேன். டியூபில் தண்ணீரை நிரப்பி, இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டு, தலையணை மேல் வைத்து, பழைய உள்பாவாடைத் துணியால் மூடினேன். நர்சிங் ஸ்கூலில் இப்படித்தான் பழகுவோம். துணிக்கு மேலாகத் தடவி நரம்பு எங்கே ஓடுகிறது என்று விரலால் கண்டுபிடிக்க வேண்டும்.

தலையணையில் பதினைந்து ஓட்டையாவது விழுந்திருக்கும். டியூபில் ஒன்று.

எதிர்வீட்டு வேணி எட்டிப் பார்த்து, டாக்டர் எழுதிக் கொடுத்த சத்து ஊசியைக் காட்டினாள். "நீங்க நர்சுதானக்கா, இதப் போட்டு விடுங்களேன், எதுக்குக் கிளினிக் வரைக்கும் நடக்கணும்?" அவள் பல வருஷமாகக் கேட்கிறாள். வீட்டில் வைத்து ஊசி போடக்கூடாது என்று ரூல் இருக்கிறது என்று நானும் பல வருஷமாகச் சொல்கிறேன். ரூல் என்றால் ரூல்தான்.

அம்மாவும் போனில் வந்தாள். வேலை விஷயத்தைச் சொன்னதும் பெருமூச்சு விட்டாள். "படிச்ச படிப்பு வீணாப் போச்சேன்னு எனக்கு இன்னும் வயிறு எரியுது. ஆனா அந்த மனுசன் விடுவாராட்டி?"

"பாப்போம்மா" என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன்!

மத்தியானம் ஆட்டுக்கறிக் குழம்பு. நல்ல எலும்பாகப் பார்த்து அவர் தட்டில் வைத்தேன். அவர் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது, பதில் பேச முடியாத நேரம் பார்த்துப் போட்டு உடைத்தேன்.

"என்னங்க, செவ்வாக்கிழமை நான் எட்டயபுரம் போகல. பைபாஸ் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு இன்டர்வியூ போனேன். நல்லாப் பண்ணிருக்கேன். வார வெள்ளிக்கிழமை உங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னாக. நைட் டூட்டி உண்டு. சம்மதமான்னு உங்ககிட்டக் கேப்பாக."

ஒரே மூச்சு. தர்ஷினி சோற்றுக் கையோடு என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் எலும்பைத் தட்டில் வைத்தார்.

"ம்."

அவ்வளவுதான். ரசத்தையும் ஊற்றிச் சாப்பிட்டார், கையைக் கழுவினார், வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை! கடை லீவு!

எனக்கு வந்த ஆத்திரத்தில் பாத்திரத்தைத் தேய்த்த தேய்ப்பில் குக்கர் புதுசாகிவிட்டது. நான் அப்போதே சொன்னேனா இல்லையா, விடமாட்டார் என்று? புஷ்பத்திடம் சொல்ல வேண்டும். ஒரு பக்கம், நெஞ்சில் ஏதோ ஒன்று லேசாக இறங்கிய மாதிரியும் இருந்தது. ஆத்திரம் தணிந்ததால் இருக்கும்.

ஜூன் 16, திங்கள்

அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. தோசையைச் சத்தமாக வைத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

காலையிலேயே போய்விட்டார். போவதற்கு முன்னால் பீரோவைத் திறந்து எதையோ நோண்டினார். என்ன வேண்டும் என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். தலையணைக்கு இன்னும் பத்து ஓட்டை. டியூபில் நான்கு! நான்கு தடவை தண்ணீர் பீறிட்டு வந்தது! வீட்டில் ஒருவரும் இல்லை, நான் தனியாகக் கை தட்டினேன். வேலை கிடைக்காது, அது வேறு விஷயம். ஆனால் கை மறக்கவில்லை.

ஜூன் 18, புதன்

அய்யோ! அய்யய்யோ! எப்படி எழுதுவேன்!

பால் வாங்கத் தெருமுனைக்குப் போனேன். கரண்டு கம்பத்துக்கும் வேப்ப மரத்துக்கும் நடுவே ஒரு ஃப்ளெக்ஸ். ஆள் உயரத்துக்கு என் மூஞ்சி! வெள்ளை யூனிஃபார்ம், தலையில் தொப்பி, நர்சிங் ஸ்கூல் முடித்தபோது எடுத்த போட்டோ. பின்னால் உதய சூரியன் மாதிரி ஒளி வட்டம் வேறு. 'எங்கள் தெருவின் மருத்துவத் தாரகை, கனிவின் சிகரம், செவிலியர் திருமதி சண்முகக்கனி இசக்கிமுத்து அவர்கள் மீண்டும் பணியேற்பதை வாழ்த்தி மகிழும்' என்று போட்டு, கீழே வரிசையாகத் தெருக்காரர்களின் முகங்கள். வேணியின் புருஷன் கறுப்புக் கண்ணாடி போட்டு, போனில் பேசுகிற போஸில் நிற்கிறார். ஓரத்தில் தர்ஷினி இரண்டு விரலைக் காட்டுகிறாள். இவளுக்கும் தெரியும்! கூட்டுக் களவாணிகள்!

பால் பாக்கெட்டோடு அப்படியே கடைக்கு நடந்தேன். அவர் மிஷின் பக்கத்தில் நின்று ஒரு பூப்புனித நீராட்டு விழாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? வேலை இன்னும் கிடைக்கவே இல்ல!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா இத வச்சிய? கிடைக்கலன்னா நான் தெருவுல எப்பிடித் தலை காட்டுவேன்?"

"ஆஸ்பத்திரி பேரு போட்டிருக்கா? தேதி போட்டிருக்கா? எந்த ஆஸ்பத்திரிக்கும் ஆகும். இது இல்லன்னா அடுத்தது."

பால் பாக்கெட்டை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டேன். அப்புறம் கேட்டேன், அந்த போட்டோ எங்கே கிடைத்தது என்று.

"உன் பட்டுச்சேலைக்கு அடியில, அந்த ஃபைல்ல. எப்பவும் அங்கதான இருக்கு?"

அந்த ஃபைலில்தான் என் சர்டிஃபிகேட்டுகள் இருக்கின்றன. நர்சிங் கவுன்சிலில் பதிவை விடாமல் புதுப்பித்து வாங்கிய தாள்களும் இருக்கின்றன. அதெல்லாம் அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் கூட்டம். ஒருவருக்குப் பிரஷர் பார்க்க வேண்டுமாம், ஒருவருக்கு மூட்டு வலி, இன்னொருவருக்கு லட்டு வேண்டுமாம். வேணி அந்த சத்து ஊசியோடு முதல் ஆளாக நின்றாள். ரூல் என்றேன்.

ஜூன் 19, வியாழன்

நாளைக்கு இன்டர்வியூ. காலையில் அவரை உட்கார வைத்து, அன்றைக்கு நான் சொன்னது அத்தனையும் ஒப்பித்தேன். விளம்பரம், டிபன், வண்டி, தலை பின்னல், ஒன்று விடாமல். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"இதெல்லாம் நான் செய்யுதேன்னா சொன்ன?"

"கேட்டா ஆமான்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் பேச வேண்டாம். உங்களுக்குத்தான் அது நல்லா வருமே."

"பொய் எதுக்குச் சொல்லணும்? இன்னிக்கிச் செஞ்சுட்டா நாளைக்கு நெசம்தான?"

கடைக்குப் போகவில்லை மனுசன். தர்ஷினியைப் பிடித்து உட்கார வைத்துத் தலை பின்ன ஆரம்பித்தார். ஃப்ளெக்ஸை இழுத்துக் கட்டுகிற மாதிரி ஒரு இழுப்பு! "அப்பா, மண்டை கையோட வந்துரும்ப்பா!" என்று பிள்ளை அலறினாள். ஒரு பின்னல் வடக்கே பார்த்தது, இன்னொன்று தெற்கே பார்த்தது. அப்படியே பள்ளிக்கூடம் போனாள். அப்புறம் அடுப்படியில் தோசை. முதல் தோசை கல்லை விட்டு வர மறுத்தது, நான்காவதுக்குத் தோசை என்று பெயர் சொல்லலாம். அதை டப்பாவில் போட்டு, மூடியைச் சரியாக மூடி, வண்டியில் என்னை ஏற்றி, ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் கொண்டுபோய் இறக்கி, திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தார். வாட்ச்மேன் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"எல்லாம் ஆச்சு. அந்த விளம்பரம் மட்டும்தான் பாக்கி" என்றார். "அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது."

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு பிடித்துக்கொண்டது. ஆனால் இனி அவர் விடமாட்டார் என்று சொல்ல முடியாது. அதை நினைத்தால் உள்ளங்கை வேர்க்கிறது. சந்தோஷம்தான், வேறென்ன.

ஜூன் 20, வெள்ளி

மெதுவாக, ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

அதே அறை, அதே மூன்று பேர். இவர் பெருமாள் கோவிலுக்குப் போகிற மாதிரி வெள்ளை வேட்டி, சட்டை. மேட்ரன் மேடம் எடுத்த எடுப்பிலேயே, "வர்ற வழியில உங்க தெருமுனையில ஒரு ஃப்ளெக்ஸ் பாத்தேன். நாங்க இன்னும் வேலையே கொடுக்கலையே?" என்றார். டை பையன் குனிந்துகொண்டான்.

"நீங்க கொடுத்தா கழட்டிருவேன் மேடம்" என்றார் இவர்.

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சரி, விளம்பரத்தைப் பாத்துட்டு வந்து சொன்னது நீங்கதானாமே?"

"இல்ல மேடம்."

மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன்.

"எனக்கு ஞாயித்துக்கிழமதான் தெரியும். மத்ததெல்லாம் நெசம். இன்னிக்கும் நான்தான் பிள்ளைக்குத் தலை பின்னுனேன்."

"அப்ப இத்தனை வருஷமா நீங்க ஏன் இவங்களை வேலைக்கு அனுப்பல?"

"நான் அனுப்ப மாட்டேன்னு யாரு சொன்னா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நாலாவதாக அவரும் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். நல்ல காலண்டர், பெரிய எழுத்து.

மேட்ரன் மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இங்க வர்ற எல்லாரும் 'அவர்தான் அனுப்புனாரு'ன்னுதாம்மா சொல்லுவாங்க. கூட்டிட்டு வாங்கன்னா பாதிப் பேரு வரமாட்டாங்க. வீட்டுக்குப் பயந்தவங்க முகம் எனக்குப் பாத்தாத் தெரியும். நீங்க பயப்படுறது வீட்டுக்கு இல்ல." அப்புறம் இவர் பக்கம் திரும்பி, "நீங்க ரத்தம் டெஸ்ட் பண்ணி எவ்வளவு நாளாச்சு?" என்றார்.

"பண்ணதே கிடையாது."

"அப்ப சட்டைக் கையை மடக்குங்க. சண்முகக்கனி, நீங்களே எடுங்க."

டிரே வந்தது. பஞ்சு, ஊசி, ரப்பர் பட்டை, எல்லாம் என் கண்ணுக்கு முன்னால். கையுறையை மாட்டினேன். அவர் கையில் பட்டையைக் கட்டினேன். நகத்திலெல்லாம் நீல மை. தடவிப் பார்த்தேன். தலையணையும் சலைன் டியூபும் மனுசக் கை ஆகுமா? இது சூடாக இருந்தது, துடித்தது. ஊசியை இறக்கினேன். ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் திருப்பினேன். வரவில்லை. அவர் பல்லைக் கடித்தார். டாக்டர் நாற்காலியில் அசைந்தார். நான் ஊசியை வெளியே எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினேன். அவ்வளவுதான், இத்தனை வருஷமாக எது நடந்துவிடக் கூடாது என்று இருந்தேனோ அது நாலு பேருக்கு முன்னால் நடந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"அந்தக் கை ஆகலன்னா இந்தா, இந்தக் கை" என்று இடது கையை நீட்டினார் இவர். "மெள்ளக் குத்து. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

புது ஊசி எடுத்தேன். பட்டையை மாற்றிக் கட்டினேன். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு விரலால் மட்டும் தேடினேன். முழங்கை மடிப்பில், சற்று ஆழத்தில், வழுக்கிக்கொண்டு ஓடியது. கட்டை விரலால் தோலை இழுத்துப் பிடித்தேன். இறக்கினேன். கருஞ்சிவப்பாக, மளமளவென்று, ஊசிக் குழாயில் ரத்தம் ஏறியது!

"வந்துருச்சு!" என்று கத்திவிட்டேன். இன்டர்வியூ அறையில்! டை பையன் கை தட்டினான், அப்புறம் வெட்கப்பட்டு நிறுத்தினான்.

மேட்ரன் மேடம் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "முதல் குத்துல வரலன்னா எத்தனை பேரு டிரேயை என்கிட்டத் தள்ளிருக்காங்க தெரியுமா? திங்கக்கிழமை காலை டூட்டிக்கு வாங்க. முதல் மாசம் புஷ்பம் கூட நில்லுங்க. நைட் டூட்டி அப்புறம் பாப்போம்."

திரும்பி வரும்போது அவர் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். இரண்டு கையிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. டீ வந்தது. அப்புறம் கிளாஸைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏ கனி, நான் விடமாட்டேன்னு நீ யாருகிட்ட எல்லாம் சொல்லிருக்க?"

"ரொம்பப் பேருகிட்ட இல்லங்க. அம்மாகிட்ட. புஷ்பத்துகிட்ட. உங்க அக்காகிட்ட. தெருவுல கொஞ்சப் பேரு."

"ம்" என்றார். டீயை ஒரு வாய் குடித்தார். "அதான் உங்க அம்மா வீட்டுக்குப் போனா எல்லாருக்கும் கறி விழும், எனக்கு மட்டும் உருளைக்கிழங்கா விழும். நானும் இத்தனை வருஷமா, தற்செயலாத்தான் விழுதுன்னு நெனச்சிட்டு இருக்கேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து டீ மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடித்தபோது பார்த்தால் அழுதுகொண்டிருந்தேன். டீக்கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, வேலை கிடைச்சிருச்சு. திங்கக்கிழமை சேரணும்."

"முருகா! அந்த மனுசன் விட்டுட்டாரா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் திரும்பி, கம்பத்தில் யாரோ கட்டியிருந்த ஒரு ஃப்ளெக்ஸின் முடிச்சை ஆராய்கிற மாதிரி நின்றார். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

"அவரு எப்பம்மா விடமாட்டேன்னாரு? நான்தான் போகல. பயந்துகிட்டு நான்தான் போகல."

அந்தப் பக்கம் அம்மா மறுபடியும் முருகனைக் கூப்பிட்டாள். இந்தப் பக்கம் அவர் திரும்பவில்லை. கடைக்காரரிடம் இன்னும் இரண்டு டீ சொன்னார், ஒன்றுக்குச் சர்க்கரை கூடப் போடச் சொன்னார்.